கடலில் நட்ட மஞ்சள் துணி

அனுமந்தன்பட்டி,
சுபானு வருடம், ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இனியனுக்கு அம்மா எழுதுவது.

எதை எழுதினாலும் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டால்தான் எனக்கு மேலே கை ஓடும், வீட்டு வரவு செலவு எழுதி எழுதி வந்த பழக்கம் அது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் திராட்சைப் பந்தலடியில் இருந்தவர்கள்: உன் அப்பா, நான், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் உன் தங்கை ஓவியா, அவள் மகள் சிம்ரன், பழம் வெட்ட ஆள் கூட்டி வரும் வீரணன் மாமா, ராமநாதபுரம் பக்கமிருந்து அவர் புதிதாகக் கூட்டி வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், அதாவது முத்துக்கருப்பனும் மூக்கம்மாளும். வேறு யாரும் இல்லை. அந்த இரண்டு பேரும் பாசிவலசைக்காரர்கள். ஆமாம், நீ வேலை பார்க்கும் அதே பாசிவலசைதான். எதற்காக எழுதுகிறேன் என்று இப்போதே உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி.

இங்கே நாங்கள் உண்கிறோம், உறங்குகிறோம், நடமாடுகிறோம், அதைச் சுகம் என்றால் வீரபாண்டி கௌமாரியம்மன் புண்ணியத்தில் சுகம்தான். உன் சுகத்தை நீ எழுதாததால் அவளிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் இன்னும் திறக்கவில்லை, வயலெல்லாம் வாய் பிளந்து கிடக்கிறது, இருக்கிற கிணற்றுத் தண்ணீரை வைத்துத் திராட்சையை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. பந்தலுக்கடியில் குனிந்தே நடப்பதால் வந்தது என்று டாக்டர் சொல்கிறார், குனியாமல் திராட்சை பார்க்க அவரிடம் மருந்து இருக்கிறதா என்று அப்பா என்னிடம் கேட்கிறார், டாக்டரிடம் கேட்பதில்லை. ஓவியாவுக்கும் கால் வீங்குகிறது, மாப்பிள்ளை தேவதானப்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வைகாசி பாதிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை, நான் போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. ஆனி பிறந்ததும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன் விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அறையில்தான் இருக்கிறார் என்று சொல்லிக் கூப்பிடப் போனார், போய் வந்து தூங்குகிறார் என்றார். பட்டப்பகலில் தூங்குகிற பிள்ளையா நீ. அப்பாவிடம் சொன்னேன், வேலைக் களைப்பா இருக்கும், விடு என்றார். நானும் விட்டேன், விட்டாலும் மனசு உன் விடுதிக் கதவிலேயேதான் நின்றது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தபோது நீ எவ்வளவு பேசினாய். பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்துவதோடு சரி என்று நினைத்திருந்தேன், கரையோர ஊர்களுக்கே போய் அந்த ஜனங்களோடு உட்கார்ந்து அவர்கள் கடலை அவர்களே காப்பாற்ற வழி சொல்வதும் அதன் வேலைதான் என்று உன்னால்தான் எனக்குத் தெரிந்தது. என் துணியைப் பற்றியும் சொன்னாய். மார்கழியில் நீ கேட்டெழுதினதும் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, நூல் பிரியாமல் இருக்க மூலைக்கு மூலை சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டு, கௌமாரி சன்னதியில் வைத்து எடுத்து உனக்குப் பார்சல் அனுப்பினேன். நம் பக்கத்தில் பழம் கனிந்த தோட்டத்துக்குக் காவலுக்கு ஆள் இல்லையென்றால் அவள் பேரில் ஒரு மஞ்சள் துணியும் வேப்பங்கொத்தும் கட்டிவிடுவோம், குடித்துவிட்டு வருகிற கள்ளன்கூட அந்தத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவான். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. அதே துணி கடலிலும் காவல் நிற்கிறது, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாதிரி ஒருத்தரும் தொடுவதில்லை என்று நீ சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடியில் இன்னொரு இடத்தையும் அடைக்கப் போகிறோம், இன்னும் துணி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாய்.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டாம் தடவைத் துணிகளைத்தான் நனைத்துப் பந்தல் கம்பியில் காயப்போட்டிருந்தேன். மூக்கம்மாள் பழப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவள் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வீரணன் மாமா, ஏத்தா, நீ நின்னுக்கிட்டா பெட்டி தானா நடந்து வேனுக்குப் போகுமா என்று சத்தம் போட்டார். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துப் பிரித்து உதறினாள். வெளுத்து, உப்பேறி விறைத்து, ஒரு ஓரம் கிழிந்த துணி, ஆனால் மூலையில் என் சிவப்பு நூல் தையல் இரண்டும் அப்படியே இருந்தது. அதைக் கம்பியில் காய்கிற துணிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எங்க கடல்ல கெடந்த துணியில்லையா, இங்கன எப்படி ஆத்தா வந்துச்சு என்று என்னைக் கேட்டாள். இங்கே தோட்டத்துக்குக் கட்டுகிற துணிதான், நீ எந்த ஊர் என்றேன். பாசிவலசை என்றாள். அந்தப் பேரைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். என் பிள்ளையைப் பார்த்த கண்ணல்லவா என்று நினைத்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நீ என் பிள்ளை என்று அவளிடம் சொல்லவில்லை. அவர்களாகவே உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும், கேட்டு முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு ஆசை.

அவளும் நல்லதில்தான் ஆரம்பித்தாள். பல்கலைக்கழகத்துலேருந்து ஒரு தம்பி வருவாக, மத்தவுக மாதிரி மைக்குல பேசிட்டுக் காருல ஏறிப் போறவுக இல்ல, எங்க வல்லத்துலயே ஏறிக் கடலுக்கு வருவாக, வாந்தி எடுப்பாக, மறுநாளும் வருவாக என்றாள். ஓவியா சிரித்துவிட்டாள். கரைக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் கல்லும் பாசியும் கிடக்கிற மேட்டை அவர்கள் பார் என்கிறார்கள், அங்கேதான் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது, தை முதல் ஆடி வரைக்கும் அதைத் தொடாமல் விடுங்கள் என்று நீ வீடு வீடாய்ப் போய்ச் சொன்னாயாம். நம் திராட்சையைச் சொன்னாயாம், காய்ப்பு முடிந்ததும் கொடியை மொட்டையாக வெட்டி ஓய விடுவோம், பார்க்கிறவனுக்குச் செத்த மாதிரி இருக்கும், அப்புறம் எப்படித் துளிர்க்கிறது பாருங்கள் என்று. மஞ்சள் துணியைச் சொன்னாயாம். ஊர்த் தலைவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். மூங்கிலில் கட்டி, அடியில் கல் கட்டி, மிதவை போட்டுப் பாரைச் சுற்றி நிறுத்தினார்களாம். ஆண்கள் வலையை அந்தப் பக்கம் கொண்டு போகவில்லை, முங்கிப் பாசி எடுக்கிற பெண்களும் போகவில்லை. கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கூட்டிக் குடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். வைகாசி பிறந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே ஓரா மீன் கூட்டம் காலில் இடித்ததாம். அதைச் சொல்லும்போது அவள் தன் காலைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு நாள் விடிகாலையில் எங்கிருந்தோ வந்த படகுகள், எந்த ஊர்ப் படகென்று அவர்களுக்கே தெரியவில்லை, எதையும் தேடாமல் நேராகப் பாருக்கு வந்து நின்றிருக்கின்றன. தேடுவதற்கு என்ன இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்திலிருந்து வட்டமாக மஞ்சள் கொடி தெரிகிறது, உள்ளே ஏதோ சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்கும் தெரியுமே. கொடிக்குக் கொடி இழுவலையை இழுத்து மீன், குஞ்சு, பாசி, கல் என்று எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். குறுக்கே போன வல்லங்களை இடிக்கிற மாதிரி வந்தார்களாம். எல போட்டு வச்சு, எல போட்டிருக்குன்னு கொடியும் நட்டு வச்சோம், எவனோ வந்து சாப்பிட்டுப் போயிட்டான் ஆத்தா என்றாள் மூக்கம்மாள்.

அதுவரைக்கும் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த முத்துக்கருப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தான். கொடித்தம்பி கடலுக்கு வேலி போட்டாக, ஆடு வேலியப் பாத்தே வந்துருச்சு என்றான். உன்னைக் கொடித்தம்பி என்றுதான் அங்கே சொல்கிறார்களாம், முன்னால் பிரியமாகச் சொன்னது, இப்போது இப்படி. வீரணன் மாமா சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ஏப்பா, கதைய விட்டுட்டு ஆணிய அடி என்றார். முத்துக்கருப்பன் விடவில்லை. அந்தத் தம்பி ஊரு ஆத்தா அந்த ஊருக்காரனத்தான் பயமுறுத்தும், எந்தத் துறையிலேருந்தோ வர்றவனுக்கு மஞ்சத்துணி வெறும் மஞ்சத்துணிதானய்யா என்றான். ஓவியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் கையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்பா குலையில் அழுகல் பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பழத்தையெல்லாம் நறுக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார், அவருக்கு அது தெரியவில்லை.

சாயங்காலம் கூலி வாங்க வீட்டுக்கு வந்தார்கள். சிம்ரன் மூக்கம்மாளை அதற்குள் சிநேகம் பிடித்துவிட்டாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், நீ பட்டம் வாங்கின கறுப்பு அங்கிப் படத்தைக் காட்டி, இது எங்க மாமா, கடல்ல இருக்காக என்றது குழந்தை. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மூக்கம்மாள் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன், மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, ஆத்தா, இவுக உசுரோட இருக்காகளா என்று கேட்டாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, இனியா. படகுகள் வந்த அன்றைக்கு நீ கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்தப் படகுகளைப் பார்த்துக் கத்தினாயாம். அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருந்தாயாம், கொண்டு வந்து வைத்த கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போனவன் திரும்பி வரவே இல்லை. அவர்கள் உன் ஆபீசுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதற்கு லீவில் இருக்கிறார் என்று மட்டும் பதில் வந்ததாம். நீ உன்னையே ஏதாவது செய்துகொண்டிருப்பாய் என்று அந்தப் பெண்கள் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். முத்துக்கருப்பன் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தெரியாமப் பேசிட்டேன்யா என்றான். அப்பா, தெரிஞ்சாலும் இதத்தானப்பா பேசியிருப்ப, பேசினது தப்பில்ல, உள்ள வந்து உக்காரு என்றார். மூக்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், திட்டுறதுக்காச்சும் அவரு வரணும்ல ஆத்தா, ஆளே இல்லாம நாங்க யாரத் திட்ட, கடலயா திட்ட முடியும் என்று. அதைச் சொல்லிவிட்டு அழுதாள், நானும் அழுதேன்.

இப்போது அந்த ஊரின் நிலைமை இதுதான். பிழைப்பில்லாமல் பாதிப் பேர் உப்பளத்துக்கும் கரிமூட்ட வேலைக்கும் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டார்கள். இந்த இரண்டு பேரும் வல்லத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு எல்லோரும் முன்னோருக்குத் தண்ணீர் விடக் கரைக்குத் திரும்புவார்களாம், அன்றைக்கு ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறார்கள். விட்டு வைத்து என்ன கண்டோம், மிச்சம் கிடப்பதைச் சின்னக்கண்ணி வலை போட்டு நாமே வழித்துவிடுவோம், எவனோ தின்பதற்கு நாம் தின்னலாம் என்று பாதிப்பேர். விட்டால் பார் மறுபடி முளைக்கும், ஆனால் வெளிப்படகு வராமல் தடுக்க அதிகாரிகளிடம் போய் நிற்க வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகம் கூட வர வேண்டும் என்று மீதிப்பேர். அந்தத் தம்பி சொல்லித்தானே செய்தோம், அவரே ஓடிப் போய்விட்டார் என்று ஒருத்தன் எழுந்து கேட்டால் மீதிப்பேருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ வராவிட்டால் அன்றோடு அந்தப் பார் போய்விடும் என்கிறாள் மூக்கம்மாள். வந்தால் நிற்கும் என்று அவளும் சொல்லவில்லை. கொடி மட்டும் இனி வேண்டாமாம், இடம் எங்களுக்குத் தெரியும், மற்றவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்கிறாள்.

புதன்கிழமை மறுபடியும் உன் விடுதிக்குப் போன் போட்டேன். அதே மனிதர்தான் எடுத்தார், நல்ல மனிதர், நீ நகரத்து ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாய், மேலே இருப்பவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, சாப்பிட மட்டும் அறையை விட்டு வருகிறாய் என்றார். அப்பாவிடம் சொன்னேன். வரப்பு இருக்கிற எடத்துல பொறந்தவன், கடலுக்கும் வரப்பு இருக்கும்னு நம்பிட்டான் என்றார். இங்கே கொடியை ஓய விட்டவன்தான் பழம் வெட்டுவான், அவன் தோட்டத்தில் இன்னொருத்தன் கை வைக்க மாட்டான், அங்கே அப்படி இல்லை என்பது உனக்கும் தோன்றவில்லை, துணியில் தையல் போட்ட எனக்கும் தோன்றவில்லை, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அவர்களுக்கும் தோன்றவில்லை. அப்புறம் அப்பா, வந்துரச் சொல்லு, தோட்டம் கெடக்கு, எனக்கும் முடியல என்றார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா. நீ இங்கே வந்துவிட்டால் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார், உனக்கு ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டு நானும் நிம்மதியாக இருப்பேன். இந்தக் கடிதத்தை வா என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இன்று காலையில் வீரபாண்டிக்குப் போய்க் கௌமாரி முன்னால் நின்றேன். என் துணியை நீ ஏன் காக்கவில்லை என்று கேட்டேன். அவளிடமிருந்து ஒரு பூவும் விழவில்லை, பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் எல்லை எதுவரைக்கும் என்று நான் அறிந்தவள் இல்லை. ஆனால் அவள் பேரைச் சொல்லி ஒரு ஊரைக் கஞ்சி குடிக்க வைத்துவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தெளிவாக இருந்தது. ஆகையால் எழுதுகிறேன். ஆடி அமாவாசைக்கு நீ பாசிவலசைக்குப் போ. விளக்கம் சொல்லப் போகாதே, போய் நடுவில் உட்கார், அவர்கள் திட்டி முடிக்கிற வரைக்கும் உட்கார். அடிக்க மாட்டாக, பேசுவாக என்று முத்துக்கருப்பன் சொல்கிறான். அப்புறம் உன் மனசில் உள்ளதைச் சொல், அதிகாரிகளிடம் கூட வருகிறேன் என்று சொல். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தால் எழுந்து கும்பிட்டுவிட்டு இங்கே வந்துவிடு, தோட்டம் இருக்கிறது. போகாமலே இங்கே வந்தால் உனக்கு நான் சோறு போடுவேன், ஆனால் அந்த மூக்கம்மாள் பெட்டி தூக்கும்போது நீ எந்தப் பந்தலுக்குள் போய் நிற்பாய் என்று யோசி.

நனைத்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், அனுப்பப் போவதில்லை. மூக்கம்மாளிடம், அந்தச் சும்மாட்டுத் துணியை எனக்குக் கொடுத்துவிடு, பதிலுக்கு நல்ல துண்டு ஒன்று தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தர மாட்டேன் என்றுவிட்டாள். அத்தன மாசம் விட்டு வச்சதுக்கு எங்க பாருலேருந்து என் கைக்கு வந்தது இது ஒண்ணுதான் ஆத்தா என்று சொல்லி, மறுபடி சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிடச் சொன்னாள். நான்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

வயிற்றைக் காயப்போடாதே, உனக்குப் புளிப்பு ஏறி நெஞ்சு கரிக்கும், இரண்டு வாயாவது நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். திருநீறும் குங்குமமும் பொட்டலமாக உள்ளே வைத்திருக்கிறேன், பூசிக்கொண்டு போ. அப்பா, ஓவியா, சிம்ரன் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். எங்கே நின்றாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் உண்டு, கௌமாரி உனக்கு நிற்கத் தெம்பு கொடுக்கட்டும்.

மூக்கம்மாளும் முத்துக்கருப்பனும் ஆடி பிறந்து நாலைந்து நாளில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். நீ போவாயா மாட்டாயா என்று அதற்குள் அவர்களிடம் நான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி எழுதினாலும் போதும், சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. முத்துலட்சுமி